சுத்தமா கேக்கல

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் மகளோடு சண்டை. காலையில் நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டிருக்கிறாள். நான் "ம்" என்றேனாம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், நீதானே சரின்னே என்று குதிக்கிறாள். நான் எங்கே சரி சொன்னேன்?

"வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எந்த மகராசிக்குக் கேக்கும்? வாயைத் திறந்து பேசுடீ" என்றேன்.

"கடல்ல இருக்கற திமிங்கலம் முணுமுணுத்தா கேக்குது. பெத்த பொண்ணு பேசினா மட்டும் கேக்காது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினைந்து வயதில் என்ன வாய்! ஆனால் கேட்ட கேள்வி நியாயம்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

புதிதாக வந்த இன்ஜினியர் என் அறையை எட்டிப் பார்த்து, "நாள் பூரா இங்க உக்காந்து என்னதான் மேடம் பண்றீங்க?" என்றார்.

"கேக்கறேன் சார்."

"யாரை? என்ன கேக்கறீங்க?"

"கேள்வி இல்ல சார். சத்தம்."

மனிதர் முழித்தார். விளக்கிச் சொன்னேன். துறைமுகத்தை நீட்டுகிறோம். அதற்காகக் கடலடியில் இரும்புத் தூண்களை அடித்து இறக்குகிறோம். ஓர் அடி விழுந்தால் தண்ணீருக்குள் பல கிலோமீட்டருக்குக் கேட்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் திமிங்கலம் இருக்கக் கூடாது என்பது அனுமதி கொடுத்தவர்களின் நிபந்தனை. அதனால் ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் அரைமணி நேரம் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்குள் தொங்குகிற மைக்குகளைக் கேட்பேன். ஒன்றும் இல்லையென்றால் வாக்கி டாக்கியில் "சுத்தம், சுத்தம்" என்று இரண்டு தடவை சொல்வேன். தூண் அடிக்கிற மிதவையிலிருந்து சம்மட்டி அண்ணன் "சுத்தம், ஆரம்பிக்கிறேன்" என்று திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் முதல் அடி. சம்மட்டி என்பது இயந்திரத்துக்கும் பெயர், அதை ஓட்டுகிறவருக்கும் பெயர்.

இன்ஜினியரிடம் சொல்லாத ஒன்று: இரண்டு தடவை என்பதெல்லாம் காகிதத்தில். "ஒரு தடவை சொன்னா போதாதா தங்கச்சி, நான் என்ன செவிடா?" என்று அண்ணன் ஒருநாள் சிரித்தார். அன்றிலிருந்து எட்டு மாதமாக ஒரு தடவைதான். அவர் கேட்டார் என்றால் எனக்கு எங்கே போயிற்று புத்தி?

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாவது தடவையாகத் தலைசுற்றல். லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். ரொம்ப நேரம் ஒன்றும் வராதபோது, சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று குத்துமதிப்பாக இரண்டு தடவை அழுத்திவைத்தேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "இந்த இடத்துல நாங்க சத்தமே குடுக்கலையேம்மா. ஏன் அழுத்தினீங்க?"

மானம் போயிற்று. வலது காதில் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய போய்விட்டனவாம். இடது காதும் ஆரம்பித்திருக்கிறதாம். சுத்தம்! என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீஸ் வேலை என்று சொன்னேன்.

தாழ்ந்த ஒலிதான் என் வேலையே. பாடுகிற திமிங்கலத்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், கணினித் திரையில் கோடு கோடாக ஏறிவிடும். குட்டியோடு இருக்கிற தாய் பாடாது. வேட்டையாடுகிறவை காதில் விழக் கூடாதென்று தாயும் குட்டியும் வயிறு இரைகிற மாதிரி மெல்ல முனகிக்கொள்ளும். இருநூறு மீட்டர் தாண்டினால் கிடைக்காது. படகுகளின் சத்தத்தில் திரையிலும் தெரியாது. காதால் பிடித்தால்தான் உண்டு.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போன பிறகு இந்த நாற்காலிதான் எனக்கும் மகளுக்கும் சோறு போடுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஹெட்போனை இடது காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வாக்கி டாக்கி வலது பக்கம். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பதினோரு அடி. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்றுக் காலை பத்தரை மணி. இடது காதில் மெல்ல ஓர் இரைச்சல். விட்டு விட்டு வந்தது. முனகலா, இல்லை என் காதுக்குள்ளேயே ஓடுகிற இரைச்சலா? சில நாளாக இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நிறுத்துங்க, இருக்கு" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் அசடு வழிந்தது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அப்போது வாக்கி டாக்கியில் அண்ணன் ஏதோ கேட்டார். வலது காதில் அது வெறும் கொழகொழ. பட்டனை அழுத்தி, "சுத்தமா கேக்கல அண்ணே, திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கிரேன் உறுமிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குப் போய்ச் சேர்ந்தது "சுத்தம்" மட்டும்தான். எட்டு மாதமாக ஒரு தடவை கேட்டே பழகியவர். "சுத்தம், ஆரம்பிக்கிறேன்" என்று திருப்பியும் சொல்லியிருக்கிறார். அது என் வலது காதுக்கு வந்தது. அவர் திரும்பச் சொல்கிறார், முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு இருந்தேன் நான், மடச்சி.

முதல் அடி ஹெட்போனில் விழுந்தபோது மண்டைக்குள் இடி. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினேன். கத்திக்கிட்டே இருந்தேன். பட்டனை அழுத்தாமலே கத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்குள்ள பதினொண்ணு.

பிப்ரவரி 16, திங்கள்

ஒரு தாய்த் திமிங்கலம் இங்கேயே சுற்றுகிறது. முனகல் இல்லை, உரக்கக் கூப்பிடுகிறது. திரை முழுக்கக் கோடு. குட்டி பக்கத்தில் இருக்கிற தாய் இப்படிக் கூப்பிடாது. மூன்று நாளாக "சுத்தமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை நின்று கிடக்கிறது. மேலாளர் அறை வாசலில் வந்து வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பிப்ரவரி 19, வியாழன்

குட்டி கரை ஒதுங்கிவிட்டது. ஐஸ் கிடங்குக்குப் பின்னால். ஒரு வேன் நீளம் இருக்கும். ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கால்நடை டாக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "காயம் ஒண்ணும் இல்ல. வயிறு காலி. அம்மாவைத் தவற விட்டிருக்கு" என்றார்.

பட்டினி.

பிப்ரவரி 20, வெள்ளி

விசாரணை. நீள மேசை, ஒரு பக்கம் மேலாளரும் மூன்று அதிகாரிகளும், இந்தப் பக்கம் நானும் அண்ணனும்.

"ஆரம்பிக்கிறேன்னு அவர் திருப்பிச் சொன்னது உங்களுக்கு வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"வரல சார். ரேடியோ விட்டு விட்டு வந்துச்சு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரைக் கேட்டார்கள், இரண்டாவது "சுத்தம்" வருவதற்கு முன்னால் ஏன் ஆரம்பித்தீர்கள் என்று. "தப்புதாங்க" என்றார். ஒரு தடவை போதும் என்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பழக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, சனி

அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு என்று காகிதத்தில் எழுதி. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

சாயங்காலம் மகள் என் கைப்பையில் பேனா தேடப்போய்க் காது டாக்டரின் சீட்டை எடுத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். "இவ்வளவு நாளா நான்தான் சரியா பேசலன்னு நினைச்சிட்டிருந்தேம்மா" என்றாள்.

எத்தனை தடவை கத்தியிருக்கேன் இவகிட்ட. கடவுளே.

பிப்ரவரி 22, ஞாயிறு

சம்மட்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அண்ணி. "வாங்க. இப்பவாவது கேக்க வந்தீங்களே" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் உள்ளேயிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. ஒரு மாசமா, நான் பேசினா என் முகத்தைப் பாக்க மாட்டே. வாயையே பாத்துக்கிட்டிருப்பே."

"தெரிஞ்சா ஏண்ணே அன்னிக்கு விசாரணையில சொல்லல?"

"உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நான் சொல்லி நீ போறதை விட, நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையிலேயே மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சீட்டை மேசையில் வைத்தேன். ரேடியோவில் குறையே இல்லை, என் காதில்தான் குறை, அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

சீட்டை மடித்து என் பக்கமே தள்ளினார். "இப்ப எதுக்கு மேடம் இதைக் கிளப்பறீங்க? நாலு பேர் கையெழுத்துப் போட்டு முடிஞ்சு போன விஷயம். உங்க காதுன்னு எழுதினா, எட்டு மாசமா நீங்க சொன்ன சுத்தமெல்லாம் சுத்தமான்னு கேப்பாங்க. எல்லாத் தூணையும் தோண்டித் துருவுவாங்க."

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"நீங்க பாட்டுக்கு உங்க சீட்ல உக்காந்திருங்க. உங்களுக்குக் கேக்கலன்னா அங்க ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார். என் செவிட்டுக் காது இவர்களுக்கு எவ்வளவு வசதி! வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தாய்த் திமிங்கலம் போய்விட்டதா, இல்லை களைத்துப்போய்ச் சும்மா இருக்கிறதா, தெரியவில்லை. திரையில் கோடு இல்லை. ஒன்பது மணிக்கு மிதவையிலிருந்து புது ஆள் கேட்டார், "மேடம், சுத்தமா?" வாக்கி டாக்கியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன், இந்தத் தடவை இடது காதில்.

"எனக்குக் கேக்கல" என்றேன். "எனக்குக் கேக்கல, அதனால சுத்தம்னு சொல்ல முடியாது."

பத்து மணிக்கும் அதையே சொன்னேன். பதினொரு மணிக்கும், பன்னிரண்டரைக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேலாளர் வந்தார். என் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கினார். ஹெட்போனைத் தொடவே இல்லை. பட்டனை அழுத்தி, "சுத்தம், சுத்தம்" என்றார். விதிப்படி இரண்டு தடவை.

அடி விழ ஆரம்பித்தது. என் பையை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதிப் பதிவை ஏற்கனவே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 25, புதன்

வேலைக்கு வர வேண்டாம் என்று போன். மகள்தான் எடுத்து என்னிடம் சொன்னாள்.

மார்ச் 15, ஞாயிறு

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். டாக்டர் சீட்டு, என் கையெழுத்து, பென்டிரைவ். ஒரு தடவை போதும் என்ற பழக்கம் உட்பட எதையும் விடவில்லை. இதனால் அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்வி. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இடது காதும் இந்த மாதம் நன்றாக இறங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாங்கள் ரேடியோவில் பேசுவதும் அதே பதிவில் இருக்கும்; விசாரணையில் யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. பத்து இருபத்தொன்பதிலிருந்து கேளு, என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லு என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு என் இடது காதுப் பக்கம் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இருக்கும்மா. ரெண்டு இருக்கு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. மாத்தி மாத்தி முனகுது."

அப்படியானால் அன்று நான் கேட்டது சரிதான். என் காது அன்று என்னை ஏமாற்றவில்லை. நான்தான் அதை நம்பவில்லை.

"இப்ப சம்மட்டி மாமா பேசறார். 'தங்கச்சி, சுத்தமா'ன்னு."

"எப்படிக் கேக்குது?"

"கணீர்னு கேக்குதும்மா."

பிறகு நான் பேசியது. பிறகு அவர் திருப்பிச் சொன்னது. அதுவும் கணீரென்று. பிறகு என் காதுப் பக்கத்தில் விரல் விட்டு எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொன்று வரை எண்ணி நிறுத்தினாள். முகம் சுருங்கியிருந்தது.

"அப்புறம்?"

"சின்னது மட்டும் கூப்பிடுது." கொஞ்சம் பொறுத்து, "திரும்பக் கூப்பிடுது" என்றாள்.

"பெருசு?"

ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதிலே வரலம்மா. அதுக்குச் சுத்தமா கேக்கல போல."

ஹெட்போனை அவள் தலையிலிருந்து நான்தான் கழற்றி வைத்தேன்.