புள்ளி வைக்காத தையல்காரர்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணியும் நீயும் நலம்தானே? உன் கடிதம் வந்தது. வழக்கம்போல ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. கத்தரிக்கோலைத் தொலைத்துவிட்டா தைக்கிறாய்? படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதனால் சிவப்பு மையில் நானே புள்ளிகள் வைத்து, கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்துக் கற்றுக்கொள்.

இங்கே எனக்கொரு தலைவலி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்கும்போது பதறாத நெஞ்சு, டாக்டர் மணிக்கட்டைப் பிடித்ததும் தலைதெறிக்க ஓடுகிறது. கோளாறு எதுவும் இல்லையாம், வெறும் பயம்தானாம். ஆனாலும் அடுத்த மாதமும் துடிப்பு இப்படியே இருந்தால் என்னைக் கீழே இறக்கி, லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்க கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு அந்த உயரம் வேண்டும், அண்ணா.

நர்ஸ் ஒரு பயிற்சி தருகிறார். விரலில் கிளிப் மாட்டினால் துடிப்பு திரையில் கோடாக ஓடும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக மூச்சை விட்டால் கோடு தணியுமாம். நான் அதையே முறைத்துப் பார்க்கிறேன், அது ஏறிக்கொண்டே போகிறது.

உன் தங்கை,
கொக்கு


பிப்ரவரி 15

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மிஷின் ஓடுகிறது. அண்ணிக்குச் சளி. இப்போது பரவாயில்லை. பயப்படாதே. மூச்சை மெதுவாக விடு. புள்ளிகள் சரியா என்று பார். தவறு இருந்தால் திருத்தி அனுப்பு.

அண்ணன்.


பிப்ரவரி 24

கோபக்கார அண்ணா,

கடிதத்தில் எங்கேயும் 'கொக்கு' இல்லை என்றதுமே புரிந்துவிட்டது. அதை விடு, இதைக் கேள். நேற்று நர்ஸ், "கோட்டப் பாக்காதீங்க, எதையாவது சத்தமாப் படிங்க" என்றார். பையில் உன் புதுக் கடிதம்தான் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று படிக்க, கோடு ரம்பப் பல்லாகக் குதித்தது. நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பது அந்த மெஷினுக்கே தெரிந்துவிட்டது.

பிறகு பையின் அடியில் மடங்கிக் கிடந்த பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுக்கு நீ இடது கையை வலது பக்கம் மாற்றித் தைத்துவிட்டு, அவரையே குழப்பி அனுப்பிய கதை. நிறுத்த இடமே இல்லாததால் ஒரே இழுப்பில் போய்க்கொண்டே இருந்தேன், மூச்சு தானாக நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் கோடு தணிந்து நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. "யாரு எழுதினது?" என்று நர்ஸ் கேட்டார். எங்கள் அண்ணன் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.

சிவப்புப் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டேன். பரிசோதனைக்கு முன்னால் எனக்கு நீளமாக ஒரு கடிதம் வேண்டும்.

கொக்கு


மார்ச் 5

என் கொக்குக்கு,

கோபமே இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன், அண்ணி எட்டிப் பார்த்து "பொய் சொல்லாதீங்க, இத்தனை நாளா யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசினீங்களா" என்று சொல்லிவிட்டுப் போனதால் இருந்தது என்றே எழுதுகிறேன், அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் நான் தைத்த சட்டையை யாரோ என் முன்னாலேயே பிரித்துப் போட்டது போல இருந்தது, அது போகட்டும், எனக்குப் புள்ளி வைக்கத் தெரியாமல் இல்லை, கடையைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தால் நீ முன்பு போலவே துணி வெட்டும் மேஜை மேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்கு இருக்கும், புள்ளி வைத்தால் பேச்சு முடிந்ததென்று இறங்கிப் போய்விடுவாயோ என்று ஒரு பயம், அவ்வளவுதான், நீ மேலேயே உட்கார்ந்திரு, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், முந்தாநாள் அந்தக் கோட்டுக்காரர் மறுபடியும் வந்தார், என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா, அடடா தாள் தீர்ந்துவிட்டது


மார்ச் 13

அண்ணா,

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்ததும் கண்ணை மூடி உன் கடிதத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஓடவிட்டேன், அவர் என்னவோ கேட்டார், "அண்ணன் பேசிக்கிட்டிருக்காரு டாக்டர், கொஞ்சம் இருங்க" என்றேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் பிடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார், இப்போது மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை, கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கோட்டுக்காரர் என்னதான் சொன்னார், சொல்லு அண்ணா, நான் இறங்கவில்லை