மூடியில் இருந்த ஓட்டை

பெருவாயல்
12.9.1974

அன்புள்ள மாப்பிள்ளை துளசிராமனுக்கு,

பெருவாயல் குப்புராஜ் எழுதிக்கொண்டது. இங்கே சின்னப்பொண்ணும் அவள் அம்மாவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஏரி வற்றிவிட்டது. பயிர் கிணற்றுத் தண்ணீரில்தான் நிற்கிறது. நீங்கள் கொடுத்த மண்ணெண்ணெய் இன்ஜின்தான் இறைக்கிறது. இப்போது நிற்காமல் ஓடுகிறது. மேலே எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

ஆடியில் அது படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். கயிறு சுற்றி இழுத்தால் கிளம்பும். கால் காணி நனைவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். புதுவாயல் மெக்கானிக் பாக்கியராஜ் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். அவர் இருக்கும்வரை ஓடும். அவர் போனதும் நிற்கும். நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். டேங்கைத் திறந்து எண்ணெய் பார்த்தீர்கள், கயிற்றை இழுத்தீர்கள், ஓடியது. நாம் சாப்பிட உட்கார்ந்த பிறகு வயலிலிருந்து ஆள் வந்து, நின்றுவிட்டது என்றான்.

அப்போதுதான் நான், பங்காளிகளும் நடவு ஆட்களும் கேட்க, "கெழட்டு இன்ஜினுக்குப் பெயின்ட்டு அடிச்சி என் தலைல கட்டிட்டான்யா இவன்" என்று கத்தினேன். அம்பத்தூர் பட்டறையில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஞாயிறு ஞாயிறாக நீங்கள் அதைப் பிரித்துக் கோத்தது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டீர்கள். அதையும் விடவில்லை. தப்பு செய்ததால்தான் வாய் திறக்கவில்லை என்று புதுவாயல் டீக்கடையில் சொன்னேன். ஆடிக்கு அழைத்துவந்த சின்னப்பொண்ணை ஆவணி பிறந்தும் உங்களிடம் அனுப்பாமல், "அவன் வந்து கேக்கட்டும்" என்று நிறுத்திக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்து நின்றேன். கஞ்சி கொண்டுவந்த சின்னப்பொண்ணு, எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. கயிற்றை அவளே இழுத்தாள், ஓடியது. மூடியைப் போட்டு இறுக்கினாள், கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி திறந்துவிட்டு இழுத்தாள், ஓடியது. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வட்டமாக வெட்டிய சைக்கிள் டியூப் துண்டு.

மாப்பிள்ளை, அதை வைத்தவன் நான். மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிவிடும் என்று, இன்ஜின் வந்த வாரமே அடைத்துவிட்டேன். எண்ணெய் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதற்கான வழி அது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் பாக்கியராஜும் வந்தபோதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்ததால்தான் ஓடியிருக்கிறது.

"யாரு நைனா இத வெச்சது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பெற்ற பெண்ணிடம் பொய் சொன்னேன். அவள் துண்டை என் கையில் வைத்து, "அப்ப அவருதான் வெச்சாருன்னு இதையும் டீக்கடைல சொல்லிட்டு வா" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. நேற்றுப் போனேன். அதே ஆட்கள் இருந்தார்கள். நான்தான் அடைத்தேன், மாப்பிள்ளை மேல் அபாண்டமாகப் பழி போட்டேன் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பாக்கியராஜ் மட்டும் சிரிக்காமல், "இத அவருக்கு எழுதினியா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்தேன்.

முறைப்படி நீங்கள் வந்து அழைத்துப் போக வேண்டும். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் பதில் வந்த மறுநாளே நானே அவளை ரயிலில் கூட்டிவருகிறேன். என்னை உள்ளே கூப்பிட வேண்டாம்.

பதிலும் எனக்கு எழுத வேண்டாம், அவள் பேருக்கு எழுதுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். வெறுங்கையோடு என்னைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்வது அவள் இல்லை, நான்தான்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒரு வரி போதும் மாப்பிள்ளை.

இப்படிக்கு,
குப்புராஜ்