வரிக் கணக்கில் தனி ஆள்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் நம் வாலுக்குட்டியும் சுகம்தானே? முன்பல் விழுந்து அவள் சிரிக்கும் படம் வந்து சேர்ந்தது. நாளெல்லாம் யார் யாருக்கோ பல் செட் செய்கிறேன். பெற்ற மகளின் பொக்கை வாயை நேரில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சொன்ன சம்பளம் ஒன்று, வருவது ஒன்று, மீதி எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தம்பி ஏதோ ஓதியிருக்கிறார் என்று படிக்கும்போதே தெரிந்தது. நீங்களாக எழுதியிருந்தால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பீர்கள். மனசு சுருக்கென்றது. ஆனால் எனக்கே பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. முதலாளிதான் கைவைக்கிறார் என்று நினைத்து, புது ஊரில் எதற்கு வம்பென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் எங்கள் பட்டறையின் கணக்கர் அம்மாவிடம் போய் நின்றேன். நம் மொழிக்காரர்தான், ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை. "உன்னை யாரும் ஏமாத்தலம்மா. அது வரி. கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடுவாங்க. குடும்பம் இருக்குன்னு நீ பதிவே பண்ணலையே! தனி ஆளுன்னு நெனச்சு அதிகமா பிடிச்சிருக்காங்க" என்றார். தனி ஆள்! அவர் வரியைத்தான் சொன்னார். நான்தான் வாலுவின் படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன்.

இன்னொன்று, பதறாதீர்கள். போன மாதம் பல்லை உரசும் இயந்திரத்தில் இடது கை விரல் கிழிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் தையல் போட்டு, மருந்தும் கொடுத்தார்கள். எவ்வளவு என்று பையைத் திறந்தேன். செவிலி சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டாள். அது ஏனென்று இப்போதுதான் புரிகிறது, பிடிக்கிற வரியிலிருந்துதான் அந்தச் செலவும் போகிறது. விரல் ஆறிவிட்டது, சத்தியமாக.

கணக்கர் அம்மாவே என்னை வரி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த அதிகாரியிடம் நம் திருமணச் சான்றிதழைக் காட்டினேன். இதே சம்பளத்துக்கு நம் ஊரிலும் கட்ட வேண்டுமோ என்று பயந்து கேட்டேன். இரண்டு பக்கமும் வாங்காமலிருக்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதாம். ஆண்டு முடிந்து கணக்குக் காட்டினால், கூடுதலாகப் பிடித்ததும் திரும்பி வருமாம். உங்கள் தம்பியிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

பிறகு அந்த அதிகாரி, என் வீடு எது என்று கேட்டார். ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே இருப்பதால் வரிக்கு நான் இந்த நாட்டு ஆளாம். படுப்பது இங்கே, வீடு அங்கே என்றேன். கணக்கர் அம்மா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குடும்பம் வரப் போகிறதா என்று கேட்டார்.

உங்கள் வேலை, வாலுவின் பள்ளிக்கூடம், குளிர் உங்களுக்கு ஆகாது என்பது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்களைக் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. இருந்தும் வாய் முந்திக்கொண்டது. "வருவாங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நான் தங்கியிருக்கும் இந்த வீட்டிலேயே வெயில் விழும் பெரிய அறை ஒன்று காலியாகப் போகிறது. வேறு யாருக்கும் விட வேண்டாமென்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாலுவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அரசாங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
வாலுவின் அம்மா