ஒரு இடம் காலி

ஓக்லண்ட்
3 மார்ச் 1996

என் அருமை ஓஸெல்லாவுக்கு,

நலம்தானே? அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? நீ பதில் போட்டு ஏழு மாதம் ஆகிறது. கையுறை துவைக்கவே உனக்கு நேரம் சரியாக இருக்கிறதோ என்னவோ.

என் படம் முடிந்துவிட்டது. பகலில் பஸ் டிப்போவில் வேலை பார்த்துக்கொண்டே நாலு வருஷம் எடுத்தேன். இரண்டு கறுப்புப் பெண்கள், ஒரே தேவாலயச் சபை. ஒருத்தி மற்றவளிடம் தன் மனசைச் சொல்லிவிடுகிறாள். பிறகு வீட்டுக்கும் ஊருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் கதை என்று உனக்குத் தெரியும். பயப்படாதே, பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். உன்னைவிட நாலு அங்குலம் உயரமானவளை உனக்காக நடிக்க வைத்திருக்கிறேன், சந்தோஷமா?

கேமரா பிடித்தவள் சிகாகோக்காரி, சபைப் பக்கமே போகாதவள். பதினாறு வயதில் நாம் வெள்ளைக் கையுறை போட்டு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைத்த கதையை அவளுக்குப் புரியவைக்க ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. ஆராதனை நடக்கும்போது வாசல் பணிக்காரர்கள் வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் கைச் சைகைதான் என்றேன். போதகருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒன்று, யாரோ மயங்கிவிட்டார்கள் என்பதற்கு ஒன்று. அதெல்லாம் போக நாமாகக் கண்டுபிடித்த ஒன்று. இடது கையை வலது தோளில் வைத்து, இரண்டு விரலால் இரண்டு தட்டு. ‘என் பக்கத்து இடம் உனக்குத்தான்.’ படத்தில் அது ஏழு தடவை வருகிறது.

ஜூன் 8, அட்லாண்டாவில் காட்டுகிறார்கள். மேக்கனிலிருந்து உனக்கு ஒன்றரை மணி நேரம். வா.

உன் பக்கத்து இடத்துக்காரி,
வெர்லீன்


மேக்கன்
19 மார்ச் 1996

அன்பு வெர்லீன்,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். ஏழு மாதம் என்று குத்திக்காட்டுகிறாயே, நீ கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூடப் போடவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். சர்க்கரை இறங்கட்டும் என்று டாக்டர் ஜூனுக்குத் தள்ளிவைத்திருக்கிறார். உனக்கு எழுதியதில்லை, வாசல் பணிக்கு ஆறு வருஷமாக நான்தான் தலைவி. என் கீழே பன்னிரண்டு பெண்கள். சிரிக்காதே.

ஒன்று தீர்மானித்திருக்கிறேன். அம்மாவின் கண் கட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அவளிடம் சொல்லப்போகிறேன். கல்யாணம் ஏன் வேண்டாம் என்றேன், யாரை நினைத்துக்கொண்டு இருந்தேன், எல்லாவற்றையும். அவள் என் முகத்தைப் பார்க்கும்போது, என் வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தேழு வயதில் வந்திருக்கிற தைரியம் இது. ஊதி அணைத்துவிடாதே.

அதனால் இரண்டு உதவி. படத்தை அட்லாண்டாவில் காட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. அந்தச் சைகையை எடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே, எழுத வெட்கமாக இருக்கிறது.

உன் நலத்துக்காக ஜெபிக்கிற,
ஓஸெல்லா


ஓக்லண்ட்
2 ஏப்ரல் 1996

ஓஸெல்லா,

கோபமாகத்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக உன்னிடமிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஈஸ்டர் போகட்டும், அறுவடை போகட்டும், அம்மா தேறட்டும். நான் என் வீட்டில் சொன்ன அன்று அப்பா என் பெட்டியைத் தெருவில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தேன். நீ வாசலில் நின்றாய். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாய். அதை நான் படத்தில் வைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு உன்மேல் பாசம் இருக்கிறது.

தேதியை என்னால் மாற்ற முடியாது. ஒரு கறுப்புப் பெண் எடுத்த சின்னப் படத்துக்கு இடம் கிடைத்ததே பெரிய விஷயம். சைகையை எடுத்தால் படமே இல்லை. உலகத்திலேயே அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி நீ. யாருக்கு என்ன தெரியப்போகிறது?

கடைசிக் காட்சியில் நீ ஆராதனைக்கு நடுவே எழுந்து உன் அம்மாவிடம் சொல்கிறாய். பார்த்தவர்கள் அழுதார்கள். நிஜத்தில் செய்யாததை என் படத்திலாவது செய்துவிட்டுப் போயேன்.

வெர்லீன்


மேக்கன்
1 ஜூலை 1996

வெர்லீன்,

அன்றைக்கு வெட்கப்பட்டு எழுதாததை இன்றைக்கு எழுதுகிறேன். அந்தச் சைகை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இல்லை. நீ போன பிறகு ஞாயிறுதோறும் வாசலில் நின்றேன். என் கை தானாகத் தோளுக்குப் போனது. பார்க்க யாருமில்லை. அது அப்படியே செத்துப்போவதை என்னால் தாங்க முடியவில்லை. தலைவியானதும் அதை வாசல் பணிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘இந்த வரிசையில் ஒரு இடம் காலி’ என்று அதற்கு அர்த்தம் வைத்தேன். ஆறு வருஷமாக எங்கள் சபையில் எல்லோருக்கும் அது தெரியும், அது என் சைகை என்பதும் தெரியும். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். என் தப்புதான்.

என்னோடு வாசலில் நிற்கிற வெல்மாவை அவள் மகள் அட்லாண்டாவில் உன் படத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தாள். அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரிக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். “ஏ ஓஸெல்லா, அந்தப் படத்துல நம்ம சைகை வருதுடீ. ரெண்டு பொண்ணுங்க ஒருத்திய ஒருத்தி விரும்புறாங்க, அத வச்சுத்தான் பேசிக்கிறாங்க. எடுத்தவ பேரு வெர்லீனாம். உன்கூட நின்னாளே, அந்தப் பொண்ணு...” பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அம்மா கண் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். மீன் கருகுகிற வாசனை வந்தது. பிறகு கேட்டாள். “நெசமா?”

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம் இருந்தது.

“நீயா வந்து சொல்லிருந்தா, நான் திட்டிருப்பேன், அழுதிருப்பேன். உன்கிட்ட சண்டையாவது போட்டிருப்பேன். அடுத்தவ வாயால கேக்க வச்சுட்டியே.”

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வெல்மா யாரிடம் சொன்னாள், சொன்னாளா இல்லையா என்று தெரியாது. அடுத்த வாரம் போதகர் கூப்பிட்டு, இனி எந்தப் பணியும் வேண்டாம் என்று என்னை உட்காரவைத்துவிட்டார். இங்கே ஒருவரை உட்காரவைப்பது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். உன் படத்தில் நான் எழுந்து நின்று பேசுகிறேனாம். இங்கே என்னை யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நேற்று முதல் தடவையாகப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் வெல்மா நின்றாள். எனக்கு வலப்பக்கம் காலி, இடப்பக்கம் காலி. அவள் கடமை தவறாதவள். உள்ளே வந்தவர்களைப் பார்த்துத் தோளில் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். வந்தவர்கள் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். அம்மா வந்தாள். அறுவை செய்த கண் இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. வெல்மா மறுபடியும் தட்டினாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

உன்னைத் தேடித்தான் நானும் வாசலைப் பார்த்தேன், வெர்லீன். வேறு யாரைத் தேட எனக்குத் தெரியும்? ஆனால் நீ வந்திருந்தாலும் நேற்று உனக்கு இடம் விட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

இனி எழுதாதே.

ஓஸெல்லா