ட்ராவிஸின் ரத்தம்

அன்பு டெஸ்ஸா,

இங்கே எல்லோரும் மூச்சோடு இருக்கிறோம், உன் தம்பியும் சேர்த்து. அலாஸ்காக் குளிர் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். தம்பிக்கு என்ன ஆனது என்று நீ போனில் கேட்டதற்கு அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லையாம். நான் எழுதுகிறேன்.

பெட்ரோல் பங்க் கழிப்பறையில் யாரோ விழுந்துகிடப்பதாக எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு அழைப்பு. என்னோடு வண்டியில் வந்த ஹார்லன் கதவை உதைத்துத் திறந்தான். ட்ராவிஸ். உதடு நீலம், விழுந்ததில் கிழிந்து ரத்தம், ஊசி இன்னும் கையில். மூக்கில் போதையை முறிக்கும் மருந்தை அடித்தேன். அடித்ததும் விலக வேண்டும், கண் விழிப்பவன் போதையைப் பறித்தவனைத்தான் முதலில் தாக்குவான், புதியவர்களுக்கு நான் சொல்லித்தருவதே அதுதான். நான் விலகவில்லை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விழித்தான், எவன்டா உன்னை எழுப்பச் சொன்னது என்று அலறினான், என் கையில் பல்லை இறக்கினான். கையுறையோடு சதையும் கிழிந்தது. ஹார்லன் தாடையில் குத்திய பிறகே விட்டான். ஊட்டி வளத்த கைதானே கேப்டன், ருசி தெரிஞ்சிருக்கு என்றான் ஹார்லன். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

அவன் ரத்தத்தில் ஏதும் தொற்றுநோய் உண்டா என்று தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது. அம்மாவுக்கு மாற்றுச் சிறுநீரகம், ஒரு தொற்று போதும். நிலையத்திலேயே படுத்தேன். பரிசோதனைக்கு ட்ராவிஸ் மறுத்தான், ஊசியோட வந்தா கைய ஒடிப்பேன்னு அந்தாளுகிட்ட சொல்லு என்றானாம். நம் மாநிலச் சட்டப்படி, காப்பாற்றப் போய்க் காயம்பட்டவன் கட்டாயப் பரிசோதனைக்கு நீதிபதியிடம் உத்தரவு கேட்கலாம். கேட்டேன். கடித்தவர் உங்களுக்கு யார் என்றார் நீதிபதி. மகன் என்றேன். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பெத்த புள்ளைய அமுக்கிப் புடிச்சு ரத்தம் எடுப்பியா, எனக்காகன்னு மட்டும் சொல்லாத என்று அம்மா போனில் கத்தினாள்.

ரத்தம் எடுக்கும் இடத்துக்கு நான் போயிருக்க வேண்டியதில்லை. போனேன். காவலர்கள் அவன் தோளிலும் முழங்காலிலும் ஏறி அழுத்தினார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. புறங்கையில் குத்தினார்கள், பிறகு பாதத்தில். செத்தாலும் உன் வண்டியக் கூப்பிட மாட்டேன், கூப்பிடுறவனையும் வெட்டுவேன் என்று என்னைப் பார்த்தே கத்தினான். துப்பினான். எலும்பு முறிவது போல ஒரு சத்தம். கட்டில்தான்.

அவன் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கதவைத் திறந்தாள், அவ்வளவுதான்.

அவனை விட்டுவிட்டார்கள். ஊசியைத்தான் தேடிப் போயிருப்பான். அவனுடைய கூட்டாளிகள் இனி நிலையத்துக்கு அழைக்கமாட்டார்கள் என்கிறான் ஹார்லன், ரத்தம் பிடுங்குவார்கள் என்று பயமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன் பக்கம் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அவன் இன்னும் கூப்பிடக்கூடியது உன்னை மட்டும்தான். எந்த நேரமானாலும் எடு. எங்கே கிடக்கிறான் என்று கேட்டு ஹார்லனிடம் சொல். நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அவனுக்கு உறுதி கொடு.

உன் அப்பா