வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு

வீட்டுக்காரருக்கு,

சோறும் குழம்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன. சுடவைத்துச் சாப்பிடுங்கள், உங்கள் நாக்குக்குச் சூடு ஒன்றும் புதிதில்லையே.

வைஃபைப் பெட்டிகள் இரண்டையும் முழுப் பவரில் வைத்திருந்தீர்கள். ஊரெல்லாம் ஆபீஸ்களுக்குப் பெட்டி மாட்டிக் கொடுக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டி எவ்வளவு உரக்கக் கத்தினாலும், உங்கள் போன் சொல்வது அதற்குக் கேட்டால்தான் இணைப்பு நிலைக்கும். இதைப் பெட்டிக்காவது புரியவைத்துவிடலாம்.

அதனால் நடையில் இருக்கும் பெட்டியை அணைத்துவிட்டேன். கூடத்துப் பெட்டியின் பவரைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டேன். சிக்னல் என் நாற்காலிக்கு எதிர் நாற்காலி வரைதான் வரும். ஒன்பது நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் படுத்திருக்கும் பின்னறைக்கு ஒரு கோடுகூட எட்டாது. போனோடு நடந்து அளந்து பார்த்துவிட்டேன். பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவள், அளக்காமல் எதையும் கொடுக்க மாட்டேன்.

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். நீங்கள் வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். என் வேலையாட்கள் முன்னால் சொன்னீர்களே, "உன்னைக் கட்டினது நான் ஏமாந்த வியாபாரம்" என்று, அதேதான். ஆங்கில எழுத்தில், நீங்கள் மெசேஜ் அடிக்கிற அதே ஸ்பெல்லிங்கில், இடைவெளி விடாமல்.

இன்னொன்று. மகள் நாலு மணிக்கு வருகிறாள். ஐந்துக்கு அவளுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ, போனில் டேட்டா தீர்ந்துவிட்டதாம். வந்ததும் பாஸ்வேர்டு கேட்பாள். எனக்குப் போன் போட வேண்டாம், எடுக்க மாட்டேன். உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்லுங்கள், எழுத்து எழுத்தாக.