சமையலறைக் கதவின் அளவு

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு, திருமாலின் வணக்கம். நான் நலம். பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டித் தீட்டி வந்த கைவலி தேவலையா?

இங்கே கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் முழுசாகக் கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. குழாயை உத்தரம் மறிப்பதை அதில் கண்டு திருத்திக் கொடுத்தேன். சைட்டிலோ பழைய வரைபடத்தைப் பார்த்தே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மேலாளர் காதர் பாய், நம்ம மங்கலம்பேட்டைக்காரர், சிரித்தார்: "உடைச்சி முடிக்கிற வரைக்கும் லீவு கேக்காத தம்பி. ஊரு எங்கயும் ஓடிப்போவாது."

அதனால் மாசி மகத்துக்கு வர முடியாது. உடம்பு அசதிதான், கவலைப்பட வேறொன்றுமில்லை.

ஓய்வில் நம் வீட்டையும் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டேன். சமையலறைக் கதவு உள்ளே திறக்குமா, வெளியிலா என்பதுதான் நினைவு வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரிடமாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

கதவோரம் நீங்களும் நில்லுங்கள், உயரம் தெரியட்டும்.